பிள்ளைகளோடு ஒருநாள் மலைப் பயணம்: இறங்கும் நேரத்தை முதலில் முடிவு செய்வோம்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டதும் நம் வீடுகளில் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே கூட்டிட்டுப் போறீங்க?" என்பதுதான். நான்கு நாள் விடுப்பு எடுத்து, அறை எடுத்துத் தங்குவது எல்லாக் குடும்பத்துக்கும் முடிகிற காரியம் அல்ல. காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பும் மலைப் பயணம் அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு ஏற்றது. செலவு குறைவு. பிள்ளைகளுக்கும் ஒரு நாள் முழுக்க மரமும் மேகமும் குளிர்காற்றும் கிடைக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்களும் இரண்டு குடும்பமாகச் சேர்ந்து ஒரு வேனில் மலைக்குப் போனோம். பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் ஏழு பேர். எந்தெந்த இடத்தைப் பார்ப்பது என்று ஒரு வாரம் பேசினோம். எத்தனை மணிக்கு இறங்குவது என்று மட்டும் பேசவே இல்லை. "இன்னும் ஒரு இடம், இன்னும் பத்து நிமிடம்" என்று போய், மஃரிப் நேரத்தில்தான் வண்டியில் ஏறினோம். மூன்றாவது வளைவில் பனிமூட்டம் இறங்கியது. காலை நான்கு மணிக்கு எழுந்த ஓட்டுநர் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார். பின்இருக்கையில் இரண்டு பிள்ளைகள் மாறி மாறி வாந்தி எடுத்தார்கள். பாதி வழியில் பிரேக்கிலிருந்து கருகல் வாடை வந்தது. அல்ஹம்துலில்லாஹ், அன்று எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த முக்கால் மணி நேரம் வண்டிக்குள் யாரும் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. மலைக்குப் போவது என்று முடிவானால், இறங்கத் தொடங்கும் நேரத்தைத்தான் முதலில் குறிப்போம். மற்றதெல்லாம் அதிலிருந்து பின்னோக்கிப் போடும் கணக்கு. அந்தக் கணக்கையும், பிள்ளைகளோடு போய்வந்ததில் கற்றுக்கொண்டவற்றையும் இங்கே தருகிறோம்.

கணக்கு எப்படிப் போடுவது?

விதி எளிமையானது: சூரியன் மறையும்போது வண்டி அடிவாரத்தில் இருக்க வேண்டும். வட தமிழகத்தில் டிசம்பரில் மாலை 6 மணிக்கு முன்பே மஃரிப் வந்துவிடும். மே மாத இறுதியில் ஆறரைக்கு மேல் ஆகும். மலைப்பாதையில் இறங்க 45 நிமிடம் என்றால், எதிர்பாராத தாமதத்துக்கு இன்னொரு 45 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் மாலை நாலேகாலுக்கு வண்டி நகர்ந்துவிட வேண்டும் என்று வரும்.

அடுத்தது போகும் நேரம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் ஒரு வழிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தை ஒரே நாளில் வைத்துக்கொள்வதில்லை என்பது எங்கள் வழக்கம். போக ஐந்து, வர ஐந்து என்று பத்து மணி நேரம் இருக்கையில் கட்டிப்போட்டு, மேலே ஐந்து மணி நேரம் காட்டுவது பிள்ளைக்கு உல்லாசப் பயணம் ஆகாது. அவ்வளவு தூரம் என்றால் ஒரு இரவு தங்குங்கள், அல்லது பக்கத்து மலையைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த மலை?

பெயர் பெற்ற மலை என்பதைவிட, நம் ஊருக்குப் பக்கத்து மலை, வளைவு குறைந்த மலை என்று பார்ப்பது நல்லது. ஏலகிரிப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. ஆழியாறு வழியாக வால்பாறைக்கு 40. காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு 70. பயணத்தில் வாந்தி எடுக்கும் பிள்ளை உள்ள வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணிக்கையைத்தான்.

அடுத்து உயரம். பொதுவாக ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையும். ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர். அடிவாரத்தைவிட நான்கைந்து பாகைதான் குறையும், ஒரு ஸ்வெட்டர் போதும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், அங்கே கைக்குழந்தைக்குத் தொப்பி, காலுறை, இரண்டு அடுக்கு உடை எல்லாம் வேண்டும்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெறும் நடைமுறை 2024 மே 7 முதல் அங்கே இருக்கிறது. கிளம்பும் முன்பே இணையத்தில் அப்போதைய விதியைப் பார்த்து விண்ணப்பித்துவிடுங்கள். சோதனைச்சாவடியில் அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்பேசியில் படிவம் நிரப்புவது பெரும்பாடு.

ஒரு மாதிரித் திட்டம்: வேலூரிலிருந்து ஏலகிரி

திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள ஏலகிரியை எடுத்துக்கொள்வோம். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய மலை. ஆம்பூர், வாணியம்பாடி இரண்டும் நம் மக்கள் நிறைந்த ஊர்கள் என்பதால், வழியில் பள்ளிவாசலுக்கும் ஹலால் உணவுக்கும் குறைவில்லை. ரயிலில் வருகிறவர்கள் ஜோலார்பேட்டையில் இறங்கி மேலே போகலாம். வேலூரிலிருந்து கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். டிசம்பர் மாதத்துக்கு எங்கள் அட்டவணை இப்படி:

காலை 6.30 – ஃபஜ்ர் தொழுதுவிட்டு வீட்டிலிருந்து புறப்பாடு.

7.30 – ஆம்பூரில் இட்லி, இடியாப்பம் போன்ற எளிய காலை உணவு.

9.00 – அடிவாரம். கால் மணி நேரம் நிறுத்தி, பிள்ளைகளை இறக்கி நடக்கவிட்டு, கழிப்பறைக்குக் கூட்டிப்போய்விட்டு ஏறத் தொடங்குவது.

10.00 – மேலே. முதலில் இயற்கைப் பூங்கா. பிள்ளைகள் ஓடியாட இடம் வேண்டும், மூன்று மணி நேரம் உட்கார்ந்தே வந்திருக்கிறார்கள்.

12.30 – லுஹர் தொழுகை, மதிய உணவு, சிறு பிள்ளைகளுக்குத் தூக்கம்.

2.30 – புங்கனூர் ஏரியில் படகு. லைஃப் ஜாக்கெட் பிள்ளையின் அளவுக்கு இருக்கிறதா என்று பார்த்து, கட்டைப் போட்ட பிறகே ஏற்றுங்கள். தொளதொளவென்று இருந்தால் தண்ணீரில் அது தலைக்கு மேலே கழன்று போகும்.

4.00 – அஸர். தொழுதுவிட்டு வண்டி.

5.15 – அடிவாரம். மஃரிப் வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ.

ஒரு நாளில் இரண்டே இடம் போதும். சுவாமிமலை உச்சிக்கு நடந்து ஏறுவது பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நல்ல அனுபவம். ஆனால் அதற்குப் போனால் அன்றைக்கு அது ஒன்றுதான். ஜலகம்பாறை அருவிக்கு மலைக்கு மேலிருந்து போவதைவிடத் திருப்பத்தூர் பக்கமிருந்து சாலையில் போவதுதான் குடும்பத்துக்கு ஏற்றது. மழைக்காலம் கழிந்து பல மாதம் ஆகியிருந்தால் அங்கே தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். இரண்டையும் ஒரே நாளில் சேர்க்க நினைத்தால் இறங்கும் நேரம் தவறிவிடும்.

வளைவும் வாந்தியும்

உள்காது "நாம் திரும்புகிறோம்" என்கிறது. செல்பேசியையோ முன்இருக்கையின் முதுகையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண், "நாம் அசையவே இல்லை" என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை இது அதிகம். ஆகவே மலைப்பாதையில் செல்பேசி, கதைப்புத்தகம் இரண்டும் பைக்குள் போகட்டும். பிள்ளை கண்ணாடி வழியே முன்னால் தெரியும் தூரத்துச் சாலையைப் பார்க்கட்டும். ஒவ்வொரு வளைவையும் எண்ணச் சொன்னால் கண் தானாக வெளியே போகும். ஏலகிரி வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகையை முதலில் யார் படிப்பது என்று போட்டி வைத்தால் பாதி மலை ஏறிவிடலாம்.

வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எண்ணெய் இல்லாத சிறு உணவு. ஆம்பூர் வழியாகப் போகிறவர்களுக்குச் சபலம் வரும் என்று தெரியும். பிரியாணியைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

வாந்தியை நிறுத்தும் மாத்திரையையோ மருந்தையோ கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாத மருந்துகள் அதில் உண்டு. பிள்ளையின் வயதையும் எடையையும் சொல்லி மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். காது அடைப்பு ஏற்பட்டால் பெரிய பிள்ளைகளுக்கு மிட்டாய், கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் அல்லது பால்புட்டி. விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். பால் கொடுக்க வேண்டுமென்றால் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள்.

வண்டியும் ஓட்டுநரும்

பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சொல்கிறது. அபராதத்தை விடுங்கள். முன்இருக்கையில் மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைதான் திடீர் பிரேக்கில் முதலில் முன்னால் வீசப்படும். ஏழு பேர் வண்டியில் பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவதும் இதே ஆபத்துதான்.

இறங்கும்போது, எந்த கியரில் ஏறினோமோ ஏறத்தாழ அதே கியரில் இறங்க வேண்டும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருளவிட்டால் வண்டியின் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறிவிட்டால் மிதித்தாலும் பிடிக்காது. கருகல் வாடை அதற்கான எச்சரிக்கை. பாதுகாப்பான அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். அன்று எங்களுக்கு இது தெரியாததால் அப்படியே இறங்கிக்கொண்டே இருந்தோம். பாதை குறுகலாக இருந்தால் ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது விதி. பனிமூட்டத்தில் விளக்கைத் தாழ்வாக வையுங்கள். உயர்த்தி வைத்தால் ஒளி பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும்.

வாடகை வண்டி என்றால் ஓட்டுநரும் நம் பொறுப்பு. நாம் மேலே சுற்றுகிற நேரத்தில் அவர் சாப்பிட்டாரா, ஒரு மணி நேரமாவது கண் அசந்தாரா என்று கேளுங்கள். அதற்கான நேரத்தையும் அட்டவணையில் போடுங்கள். "சீக்கிரம் போங்க, லேட் ஆயிடுச்சு" என்ற வார்த்தையை மலைப்பாதையில் யாரும் சொல்லக் கூடாது. நேரத்துக்குக் கிளம்பிவிட்டால் அதைச் சொல்ல வேண்டியதும் வராது.

தொழுகை

நம் பயணத்துக்கு அட்டவணை போடத் தொழுகை நேரங்களே உதவுகின்றன. லுஹர் என்றால் ஓய்வு, அஸர் என்றால் கிளம்பும் நேரம், மஃரிப் என்றால் அடிவாரம். பிள்ளைகளுக்கும் இது எளிதாகப் புரியும். "அஸர் தொழுததும் இறங்கிடுவோம்" என்று காலையிலேயே சொல்லிவிட்டால், கிளம்பும்போது அழுகை குறையும்.

கஸ்ர் செய்யும் தூரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டரை ஒட்டிச் சொல்லப்படுகிறது, கணக்கில் சிறு வேறுபாடுகள் உண்டு. ஆம்பூரிலிருந்தோ வாணியம்பாடியிலிருந்தோ ஏலகிரி போகிறவருக்கு அந்தத் தூரம் வராது. சென்னையிலிருந்து வருகிறவருக்கு ஐயமில்லை. வேலூர்க்காரருக்கு எல்லைக்கோடு. லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழ ஷாஃபி மத்ஹபில் பயணிக்கு அனுமதி உண்டு, ஹனஃபி மத்ஹபில் இல்லை. ஒரே வண்டியில் இரண்டு மத்ஹபுக் குடும்பங்களும் போவது நம்மிடம் சகஜம். அஸர் நேரமும் இரண்டுக்கும் சற்று மாறும். ஆகவே முந்தின நாளே உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழகத்திலிருந்து கிப்லா நேர்மேற்கு அல்ல, மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 முதல் 24 பாகை வடக்காக இருக்கும். மேலே மேகம் மூடினால் சூரியனைப் பார்த்துத் திசை சொல்ல முடியாது. சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும் திசைகாட்டியைச் செல்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒளுவுக்குத் தனியாக ஒரு கேன் தண்ணீர் இருக்கட்டும். சாலை ஓரத்தில், அதுவும் வளைவில், முஸல்லா விரிக்காதீர்கள். பூங்கா, வாகன நிறுத்துமிடம் போன்ற இடங்களில் கேட்டு, வழியை மறைக்காமல் தொழலாம்.

சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை

இரவே பிரியாணி ஆக்கி, சூட்டோடு மூடி வைத்து, மறுநாள் மதியம் மலையில் திறப்பதைப் பல குடும்பங்களில் பார்க்கிறோம். இது வேண்டாம். சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் இருந்தால் அதில் கிருமி பெருகி நச்சு உண்டாகும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. சப்பாத்தி, ரொட்டி, காலையில் கிளறிய புளிச்சோறு, வாழைப்பழம், பேரீச்சம்பழம் போதும்.

தண்ணீர் விஷயத்தில் நம் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வழியில் கழிப்பறை கிடைக்காது என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். மாலையில் தலைவலி, அடுத்த நாள் சிறுநீர்க் கடுப்பு. பால் கொடுக்கும் தாய்க்கு இது இன்னும் கெடுதல். ஆகவே திட்டம் போடும்போதே ஆண்கள் கழிப்பறை நிறுத்தங்களையும் குறித்துவிட வேண்டும்: காலை உணவு விடுதி, அடிவாரத்துக்கு முந்தைய பெட்ரோல் பங்க், மேலே பூங்கா அல்லது படகுத்துறை. "யாருக்காவது போகணுமா?" என்று வண்டியில் எல்லோர் முன்னும் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். கேட்காமலே நிறுத்துங்கள்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. எவர்சில்வர் டப்பாவும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோனால் குப்பையும் வராது. கொண்டுபோன எதையும் மலையில் விட்டுவராதீர்கள்.

மேலே போனதும்

பிள்ளைகளை "எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்" என்றால், யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள். வண்டியிலிருந்து இறங்கும்போதே பெயர் சொல்லிப் பிரியுங்கள்: இந்த இரண்டு பேருக்கு மாமா பொறுப்பு, இவனுக்குப் பெரியம்மா பொறுப்பு என்று. கைமாறும்போதும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் வாப்பாவின் செல்பேசி எண்ணை எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். காணாமல் போனால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

காட்சிமுனைகளில் கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் படம் எடுக்கப் போகாதீர்கள். பெரியவர்கள் போனால் பிள்ளைகளும் பின்னாலேயே வருவார்கள். அருவியில் பாசி பிடித்த பாறை கண்ணுக்குத் தெரியாது. மேலே எங்கோ பெய்த மழைக்கு இங்கே வெயிலிலும் வெள்ளம் வரும். தண்ணீர் கலங்கினாலோ ஓசை கூடினாலோ உடனே கரையேறுங்கள்.

குரங்குக்கு உணவு கொடுக்காதீர்கள், பிள்ளையின் கையில் தின்பண்டம் தெரிய நடக்கவிடாதீர்கள். கடித்தாலோ நகம் பட்டாலோ, சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, சின்னக் கீறல்தானே என்று விடாமல் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

- பிள்ளைக்கு ஒன்றுக்கு இரண்டு மாற்றுடை, ஒரு ஸ்வெட்டர்
- வாந்திக்குக் கெட்டியான காகித உறைகள், ஈரத்துணி, துவாலை
- குடிதண்ணீர், ஒளுவுக்குத் தனிக் கேன், முஸல்லா
- வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், பஞ்சு, கட்டுத்துணி
- டார்ச், செல்பேசிக்கு பவர் பேங்க்
- அவசர எண்கள், தாளில் எழுதி: 108 ஆம்புலன்ஸ், 112 பொது அவசர உதவி, 1098 குழந்தைகள் உதவி

பாதியில் திரும்புவதும் திட்டம்தான்

காலையில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பயணத்தை ஒத்திப்போடுங்கள். மலையில் கனமழை எச்சரிக்கை வந்தால் அடிவாரத்தோடு திரும்புங்கள். இப்படித் திரும்பிய ஒரு நாளில் நாங்கள் ஆம்பூரில் சாப்பிட்டுவிட்டு, சொந்தக்காரர் வீட்டு மொட்டை மாடியில் பிள்ளைகளை விளையாடவிட்டு வந்தோம். அவர்கள் அதையும் சந்தோஷமாகத்தான் சொல்கிறார்கள்.

வண்டியில் ஏறியதும் பயண துஆவைப் பிள்ளைகளையே சத்தமாக ஓதச் சொல்லுங்கள். பிறகு, எத்தனை மணிக்கு இறங்கப் போகிறோம் என்பதையும் அவர்களிடமே சொல்லி வையுங்கள். அஸர் தொழுததும் "வாப்பா, நேரமாச்சு" என்று அவர்களே நினைவூட்டுவார்கள். மஃரிப் பாங்கு கேட்கும்போது எல்லோரும் அடிவாரத்தில் இருப்போம், இன்ஷா அல்லாஹ்.